ஸ்லைடு எங்கே சொதப்புகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் புரொஜெக்டர் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம்தான். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு ரிமோட், மைக் பெட்டி. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். அங்கே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகியதில், ஒருவருடைய பிபிடி (பவர்பாயின்ட் கோப்பு) எங்கே காலை வாரப் போகிறது என்பது இரண்டாவது ஸ்லைடிலேயே தெரிந்துவிடும்.

"பிபிடி சரியா வரல சார், கொஞ்சம் பாருங்க" என்று பென்டிரைவை நீட்டுகிறவர்களிடம், "எது சரியா வரல?" என்றுதான் முதலில் கேட்பேன். கீழே இருப்பவை எல்லாம் அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள். உங்கள் சிக்கல் எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள். மெனுப் பெயர்கள் விண்டோஸில் உள்ள பவர்பாயின்ட்டுக்கு உரியவை.

"பின்னால் இருப்பவர்களுக்கு எழுத்து தெரியவில்லை"

முதலில் ஒரு சோதனை. லேப்டாப்பில் எஃப்5 தட்டி முழுத்திரையில் ஓடவிடுங்கள். எழுந்து ஆறடி பின்னால் போய் நின்று படித்துப் பாருங்கள். படிக்க முடியவில்லை என்றால் கடைசி வரிசைக்கும் முடியாது.

ஆறடி என்பது எங்கள் கூடத்துக் கணக்கு. திரை 8 அடி அகலம், 6 அடி உயரம். இப்போதைய ஸ்லைடுகள் 16:9 வடிவம் என்பதால், 8 அடி அகலத்துக்குப் படத்தின் உயரம் நாலரை அடிதான் கிடைக்கும். கடைசி வரிசை திரையிலிருந்து 40 அடி. அதாவது பட உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு தூரம். 15.6 அங்குல லேப்டாப் திரையின் உயரம் ஏழரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதன் ஒன்பது மடங்கு ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் கூடத்தின் அளவைப் போட்டு நீங்களும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பவர்பாயின்ட் ஸ்லைடின் உயரம் ஏழரை அங்குலம், அதாவது 540 பாயின்ட். 18 பாயின்ட் எழுத்து என்றால் படத்தின் உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் அதை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம், தமிழில் சிரமம். ன, ண இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். புள்ளி இன்னும் மோசம். மெல்லிய எழுத்துருவில், 1024க்கு 768 பிக்சல் மட்டுமே உண்மையாகக் காட்டும் பழைய புரொஜெக்டரில், மெய்யெழுத்தின் புள்ளி காணாமலே போகும். அப்புறம் 'பல்' எது, 'பல' எது என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். தமிழுக்கு உள்ளடக்க எழுத்து 28 பாயின்ட், தலைப்பு 36, வரைபடத்தில் வரும் எண்கள்கூட 20க்குக் கீழே வேண்டாம் என்பது என் கணக்கு. மெல்லிய ரகத்தைத் தவிர்த்து, சாதாரண தடிப்பு உள்ளதையே எடுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கியதும் அடுத்த சிக்கல் வரும்: மேல்வரியின் 'கூ', 'ழு' வால்கள் கீழ்வரியின் புள்ளியையும் கொம்பையும் இடிக்கும். பவர்பாயின்ட்டின் வழக்கமான தீமில் வரி இடைவெளியே 0.9 என்றுதான் இருக்கிறது. ஆங்கிலத்துக்காக வைத்த கணக்கு அது. அதை 1.1 ஆக்கிவிடுங்கள்.

"பெரிதாக்கினால் ஸ்லைடில் இடம் பத்தவில்லையே" என்று அடுத்து கேட்பீர்கள். அப்படியானால் கோளாறு எழுத்தின் அளவில் இல்லை. 'எல்லோரும் திரையையே படிக்கிறார்கள்' என்ற பகுதிக்குப் போங்கள்.

"தமிழ் எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது"

குப்பையில் மூன்று வகை உண்டு. எது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

முதல் வகை, தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் கலந்து நிற்கும். இது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த முறையில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையை, ஏற்று ஆணை போட்டாயிற்று. ஆனாலும் அலுவலகங்களிலிருந்தும் அச்சகங்களிலிருந்தும் வரும் கோப்புகளில் பாதி இன்னும் இப்படித்தான். அவசரத்துக்கு அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் போதும். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, திரும்ப ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நடுவில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக நினைத்து மாற்றி வைத்திருக்கும்.

இரண்டாவது வகை, வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். இது யூனிகோடுதான், அந்தக் கணினியில் அதைக் காட்டத் தமிழ் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருவதால் இது குறைந்துவிட்டது. நீங்கள் தேடிப் பிடித்துப் போட்ட அழகிய எழுத்துரு அங்கே இல்லையென்றால் கட்டம் வராது, வேறொரு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகளை உடைத்துப் போடும். தீர்வு: ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய், 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' என்பதை டிக் செய்து சேமிப்பது. உரிமக் கட்டுப்பாடு காரணமாகச் சில எழுத்துருக்கள் இதற்கு ஒத்துழைக்காது. அதனால் பக்கத்திலேயே ஒரு பிடிஎஃப் பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். அனிமேஷன் போகும், மானம் போகாது. கூகுள் ஸ்லைட்ஸில் செய்பவர்கள் அங்கேயே கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு எதுவும் அங்கே செல்லாது.

மூன்றாவது வகை, 'கொடு' என்பதில் கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவே ஒரு புள்ளிவட்டம். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியதால் வந்த வினை. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் எழுத்தை உருவியிருக்கிறது. யூனிகோடு வரிசை வேறு. இதற்குக் குறுக்குவழி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நாலு வரிதானே, திரும்ப அடித்துவிடுங்கள்.

"ஒவ்வொரு ஸ்லைடிலும் எழுத்து ஒவ்வொரு அளவில் இருக்கிறது"

நீங்கள் மாற்றவில்லை, பவர்பாயின்ட் மாற்றியது. பெட்டிக்குள் வரி நிரம்பி வழியும்போது அது சத்தமில்லாமல் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகும். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய ஸ்லைடுகளில் இது நிச்சயம் நடக்கும், நம் சொற்கள் நீளம். பெட்டியை வலது கிளிக் செய்து ஃபார்மட் ஷேப், டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டெக்ஸ்ட் பாக்ஸ் என்று போய் 'டூ நாட் ஆட்டோஃபிட்' கொடுங்கள். இப்போது எழுத்து வழிந்து வெளியே தொங்கும். தொங்கட்டும், எதை வெட்ட வேண்டும் என்று அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

"லேப்டாப்பில் பளிச்சென்று இருந்தது, திரையில் வெளுத்துவிட்டது"

புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. வெளிச்சம் போடாமல் விட்ட இடம்தான் அதற்குக் கறுப்பு. திரையோ வெள்ளைத் துணி. ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் அதன் மேல் விழுந்தால் உங்கள் கறுப்பு சாம்பலாகிவிடும். அடர்நீலப் பின்னணியில் சாம்பல் எழுத்து லேப்டாப்பில் கம்பீரமாக இருந்திருக்கும். இங்கே இரண்டும் ஒரே நிறமாகப் போய்விடும்.

முதலில் திரைக்கு முன்னால் உள்ள விளக்குகளை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். கூடத்தையே இருட்டாக்க வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது ஆபத்து. புரொஜெக்டர் ஈகோ மோடில் (விளக்கை மங்கலாக்கும் சிக்கன முறை) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லையா, ஸ்லைடைத் திருப்பிப் போடுங்கள்: வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. வெளிச்சமுள்ள அறையில் இதை அடிக்க வேறு கூட்டணி கிடையாது. அழகு குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளையில் மஞ்சள் எழுத்து எந்தக் கூடத்திலும் எடுபடாது. நீலத்தின் மேல் சிவப்பும் வேண்டாம். கண் இரண்டு நிறங்களையும் வெவ்வேறு ஆழத்தில் குவிப்பதால் எழுத்து மிதப்பதுபோல் தோன்றி உறுத்தும். இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று வைத்திருக்கிறார்கள். அது கண்ணுக்கு நேராக இருக்கும் கணினித் திரைக்கான எல்லை. புரொஜெக்டருக்கு அதைவிடத் தாராளமாகவே வையுங்கள்.

"எல்லோரும் திரையையே படிக்கிறார்கள், நான் பேசுவதைக் கேட்பதில்லை"

என் மேஜைக்கு வரும் புகார்களில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எழுத்து சிறியது, இடம் பத்தவில்லை, நேரம் போதவில்லை என்று முகம் வேறு வேறாக இருக்கும், நோய் ஒன்றே.

ஒரே கோப்பிடம் மூன்று பேர் வேலையை வாங்குகிறோம். கூட்டத்துக்கு அது காட்சி. பேசுபவருக்கு அது மறக்காமல் இருக்கத் துண்டுச்சீட்டு. வராதவருக்கு, அல்லது நாளைக்கு மேலதிகாரிக்கு அனுப்ப, அது அறிக்கை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பது இருக்கட்டும், மூன்று மாங்காய்க்குக் குறி வைத்தால் கல்தான் தொலையும். மனிதருக்கு வாசிக்கும் வேகம் கேட்கும் வேகத்தைவிட அதிகம். எட்டு வரியைத் திரையில் போட்டுவிட்டு நீங்கள் மூன்றாவது வரியில் நிற்கும்போது அவர்கள் எட்டையும் முடித்துவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போயிருப்பார்கள்.

இதன் விலை சில சமயம் மிகப் பெரியது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் நம்மை பாதுகாப்பான பக்கத்திலேயே வைக்கின்றன என்ற தொனியில், ஆறுதலாக இருந்தது. அதன் கீழே புள்ளிக்குள் புள்ளியாக அடுக்கடுக்கான வரிகள். கடைசி வரிகளில்தான் விஷயம்: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதாக அவர்கள் மதிப்பிட்ட துண்டு 1,920 கன அங்குலம். 640 மடங்கு! தலைப்பில் இருந்திருக்க வேண்டிய எண் அடியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் தந்த அறிக்கையில், தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டியின் அலசலோடு அந்த ஸ்லைடையே அச்சிட்டிருக்கிறது. இதைப் படிக்கும் உயரதிகாரிக்கு உயிருக்கு ஆபத்தான நிலை என்று உறைக்காமல் போவதில் வியப்பில்லை என்ற கருத்தோடு. விபத்துக்கு ஸ்லைடு காரணம் என்று நான் சொல்ல வரவில்லை, காரணம் நுரைத் துண்டு. ஆனால் எச்சரிக்கை மணி அடித்தும் கேட்காமல் போனதில் ஸ்லைடுக்கும் பங்கு உண்டு.

சரி, நம் ஸ்லைடுக்கு வருவோம். தலைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். 'விடுதிச் செலவு: ஓர் ஆய்வு' என்பது அலமாரியில் ஒட்டும் சீட்டு. 'விடுதிச் செலவில் பாதியை எரிவாயு தின்கிறது' என்பது செய்தி. அதைத் தலைப்பாகப் போட்டால் கீழே என்ன வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: அந்தப் பாதியைக் காட்டும் ஒரு படம். மீதி எதுவும் வேண்டாம். தலைப்பை முழு வாக்கியமாக எழுத வரவில்லை என்றால், அந்த ஸ்லைடில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை அல்லது இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவதானால் நீக்குங்கள், இரண்டாவதானால் இரண்டு ஸ்லைடாக்குங்கள். ஸ்லைடுக்குக் காசு கிடையாது.

வெட்டிய வரிகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்லைடுக்குக் கீழே நோட்ஸ் பெட்டி இருக்கிறதே, அங்கே போடுங்கள். பேசும்போது உங்களுக்கு மட்டும் தெரியும். பிரின்ட் போகும்போது 'நோட்ஸ் பேஜஸ்' என்று கொடுத்தால் மேலே படம், கீழே விளக்கம் என்று வராதவருக்கான அறிக்கையும் தயார். மூன்று மாங்காய், மூன்று கல்.

பேச்சின் நடுவே, திரையை விட்டு உங்களைப் பார்க்க வைக்க வேண்டுமா? ஸ்லைடு ஓடும்போது ஆங்கில பி விசையைத் தட்டுங்கள், திரை கறுப்பாகும். மறுபடி தட்டினால் விட்ட இடத்துக்கே வரும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. கறுப்புத் திரை முன்னால் நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும் போலிருக்கிறது.

"வரைபடம் போட்டேன், யாருக்கும் புரியவில்லை"

ஒன்பது துண்டு போட்ட வட்ட வரைபடம், ஓரத்தில் ஒன்பது நிறத்துக்கும் விளக்கம். பார்ப்பவர் கண் பந்தடிப்பதுபோல் இங்கும் அங்கும் ஓடவேண்டும். வட்டத்தைக் கலைத்துப் பட்டைகளாக்குங்கள், பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்குங்கள், பெயரைப் பட்டையின் பக்கத்திலேயே எழுதுங்கள். தலைப்பு பேசும் பட்டைக்கு மட்டும் அழுத்தமான நிறம், மற்றவை சாம்பல். முப்பரிமாணம் வேண்டவே வேண்டாம். சாய்ந்த வட்டத்தில் முன்னால் இருக்கும் துண்டு தன் பங்கைவிடப் பெரிதாகத் தெரியும்.

லாபம் பச்சை, நஷ்டம் சிவப்பு என்று மட்டும் பிரித்திருந்தால் இன்னொரு கோளாறு. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் மட்டும் சுமார் 8 சதவீதம். நீலமும் ஆரஞ்சும் போடுங்கள், கூட்டல் கழித்தல் குறியும் சேர்த்துவிடுங்கள்.

"இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை"

4:3 ஸ்லைடை 16:9 திரையில் போட்டால் பக்கவாட்டில் பட்டை. 16:9 ஸ்லைடை 4:3 திரையில் போட்டால் மேலும் கீழும். பவர்பாயின்ட் 2013-லிருந்து புதிய கோப்பு 16:9 ஆகத்தான் திறக்கும். டிசைன், ஸ்லைடு சைஸ் என்று போய் மாற்றலாம், 'என்ஷ்யூர் ஃபிட்' கொடுங்கள். நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் என்றால் தொடாதீர்கள். பட்டையால் யாரும் கெட்டதில்லை. கடைசி நேரத்தில் இடம் மாறிய பெட்டிகளால் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"வீடியோ ஓடுகிறது, சத்தம் இல்லை"

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் விண்டோஸ் சத்தத்தையும் அந்த வழியே புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இருக்காது, அல்லது கொசு ரீங்காரம் அளவுக்கு இருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வெளியீட்டை லேப்டாப்புக்கு மாற்றி, அதன் ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு ஒயர் கொடுத்தால் தீர்ந்தது. பழைய நீலத்தலை விஜிஏ கேபிள் என்றால் அதில் சத்தம் போகவே போகாது. ஜூமில் பகிர்கிறீர்களானால் 'ஷேர் சவுண்ட்' டிக் செய்ய வேண்டும்.

வீடியோவே ஓடவில்லையா? அது கோப்புக்குள் இல்லை, உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கிறது. ஸ்லைடில் வெறும் இணைப்புதான். இன்சர்ட் செய்யும்போது 'லிங்க்' என்று கொடுக்காமல் உள்ளேயே வையுங்கள். யூடியூப் இணைப்பை நம்பி வருபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் கூடத்து வைஃபை சொல்லும்.

"என் நோட்ஸ் எல்லோருக்கும் தெரிகிறது"

இரண்டு திரையும் இடம் மாறிவிட்டன. பிரசென்டர் வியூவில் (நோட்ஸோடு பேசுபவருக்கு மட்டும் தெரிய வேண்டிய திரை) மேலே 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' தட்டி, 'ஸ்வாப்' கொடுங்கள். இரண்டிலும் ஒன்றே தெரிகிறது என்றால் விண்டோஸ் விசையோடு பி தட்டி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள்.

"கோப்பு பெரிசு, மெயிலில் போகவில்லை"

ஜிமெயில் இணைப்புக்கு எல்லை 25 எம்பி. மொபைலில் எடுத்த பத்துப் படத்தை அப்படியே போட்டாலே தாண்டிவிடும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து பிக்சர் ஃபார்மட், கம்ப்ரஸ் பிக்சர்ஸ் போய், 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு 150 பிபிஐ கொடுங்கள். வெட்டிய பகுதிகளை நீக்கும் டிக்கை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் வெட்டி மறைத்ததாக நினைக்கும் ஓரம் கோப்புக்குள் பத்திரமாக இருக்கும்; அடையாள அட்டையில் பாதியை வெட்டிப் போட்டிருந்தால் பெறுகிறவர் மீதியையும் திறந்து பார்க்கலாம். எக்செல் வரைபடமும் அப்படியே. 'எம்பெட்' முறையில் ஒட்டினால் அந்த வரைபடத்தோடு மொத்த எக்செல் கோப்பும் உள்ளே வரும், பக்கத்து ஷீட்டில் இருக்கும் சம்பளப் பட்டியல் உட்பட. வெளியே அனுப்பும் கோப்பில் படமாக ஒட்டுங்கள்.

"நேரம் போதவில்லை, கடைசி ஸ்லைடுகளை ஓட்டிவிட்டேன்"

இருபது நிமிடத்துக்கு நாற்பது ஸ்லைடு இருக்கலாம், எட்டும் இருக்கலாம், எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. வாய்விட்டு ஒருமுறை பேசிப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் எப்போதும் சீக்கிரம் முடியும். தேவைப்பட்டால் காட்டலாம் என்ற ஸ்லைடுகளை நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் தள்ளி, வலது கிளிக் செய்து 'ஹைட் ஸ்லைடு' கொடுங்கள். யாராவது கேட்டால் அந்த ஸ்லைடின் எண்ணை அடித்து என்டர் தட்டினால் போதும், நேராக அங்கே போகும். எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஸ்லைடைப் பின்னோக்கி ஓட்டித் தேடும் அவஸ்தை வேண்டாம்.

"நான் தொடவே இல்லை, ஸ்லைடு தானாக ஓடுகிறது"

ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்லைடு தானாக மாற, ரிமோட் என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து மைக்கிலேயே என்னைத் திட்டினார். முந்தைய இரவு அவர் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' போட்டுப் பயிற்சி செய்திருக்கிறார். முடிவில் நேரத்தைச் சேமிக்கவா என்று கேட்டதற்கு ஆமாம் என்று கொடுத்திருக்கிறார். மறுநாள் ஒவ்வொரு ஸ்லைடும் இரவு எடுத்துக்கொண்ட அதே நொடிகளில் நகர்ந்துவிட்டது. ஸ்லைடு ஷோ பட்டையில் 'யூஸ் டைமிங்ஸ்' டிக்கை எடுத்தேன், நின்றது. அவருடைய ஆறாவது ஸ்லைடு மட்டும் நான்கு நிமிடம் அசையாமல் இருந்தது. அந்த இடத்தில் வீட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்களாம்.